பின்னால் மட்டும் பெரிய டயர்

என் காதால் கேட்டதையும் கண்ணால் கண்டதையும் மட்டுமே எழுதுகிறேன். உயிரைப் பற்றிய செய்தியில் ஊகத்தைக் கலப்பது முறையன்று.

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை செல்லும் பேருந்தில், என் முன்னிருக்கையில் ஒரு பெண்மணியும் அவருடைய தம்பியும் அமர்ந்திருந்தனர். மழை பெய்துகொண்டிருந்தது.

“விதைநெல் மூட்டை ஏத்துனா காரு பின்னாடி குந்திக்குதுன்னு, ஒங்க அத்தான் பின்சக்கரம் ரெண்டுக்கும் மட்டும் பெரிய டயரா மாட்டியிருக்காருடா,” என்றார் அக்கா.

தம்பி சிரித்தார். “காரை டிராக்டர்னு நெனச்சுட்டாரா?”

“அதையேதான் சொன்னாரு. டிராக்டருக்குப் பின்னாடி பெருசுதானே, அது என்ன கவுந்தா போச்சுன்னு கேக்குறாரு.”

“இப்ப கார்ல யாரு யாரு வர்றாங்க?”

“வளைகாப்பு முடிஞ்ச பொண்ணை நம்ம வீட்டுக்கு அழைச்சிட்டு வர்றாரு. கூட சம்பந்தி வீட்டு ஆளுங்க மூணு பேரு, டிக்கி நெறைய சீர்ச் சாமான். எடமில்லாமதானே நாம பஸ்ல வர்றோம்.”

தம்பியின் சிரிப்பு நின்றது. “பாரம் ஏறுனா அந்தப் பெரிய டயர் மேல தகரத்துல உரசும்க்கா. உரசி உரசி வெடிச்சிடும்.”

“கிளம்பும்போதே கரகரன்னு சத்தம் வந்துச்சேடா! ரோடு சரியில்லைன்னாரு.”

“போன் போடுக்கா.”

இருமுறை அழைத்தார். “எடுக்கலைடா.”

“வண்டி ஓட்டும்போது எடுக்க மாட்டாருக்கா.”

“பக்கத்துல இருக்குற பொண்ணு எடுக்கலாமில்ல?”

குத்தாலத்தில் இறங்கும்போதும் அக்காவின் காதில் கைப்பேசி இருந்தது. மற்றொரு கையால் தம்பியின் தோளை இறுகப் பற்றியிருந்தார்.

பேருந்து புறப்பட்டுவிட்டது. கார் அவர்களுடைய வீட்டை வந்தடைந்ததா என்பது எனக்குத் தெரியாது.