யார் பேருக்குப் பூட்டு?

லோரெட்டா: பேன்கேக்கைக் கீழ வை, கர்ட்டிஸ். முதல்ல போன்ல இந்தப் படிவம்.

கர்ட்டிஸ்: சிரப் ஊத்திட்டேனே... ஆறிப்போயிடும்டி.

லோரெட்டா: ஆறட்டும். இந்தத் தடைப் பட்டியல்ல பேர் ஏறாம இன்னைக்கு நீ மேஜையை விட்டு எழுந்திரிக்கப் போறதில்ல.

கர்ட்டிஸ்: மிச்சிகன்ல மத்த பொண்டாட்டிங்க எல்லாம் சனிக்கிழமை காலைல புருஷனைப் பனி அள்ளத்தான் விரட்டுவாங்க...

லோரெட்டா: பனி எங்கயும் ஓடிடாது. ஒரு தரம் பேரைக் கொடுத்துட்டா, மாநிலம் முழுக்க எந்தச் சூதாட்ட ஆப்பும் உள்ள விடாது. கெஞ்சினாலும் விடாது.

கர்ட்டிஸ்: அப்புறம் மனசு மாறிட்டா?

லோரெட்டா: மாறினாலும் எடுக்க முடியாது. அதுக்குத்தானே இது! ஒரு வருஷம், இல்லேன்னா அஞ்சு. அஞ்சைப் போடு.

கர்ட்டிஸ்: ஜெயில்ல கூட நன்னடத்தைக்குக் குறைப்பாங்க.

லோரெட்டா: சிரிக்காதே. நம்ம டெலியா ஸ்கூல்ல ட்ரம்பெட் வாசிச்ச அன்னைக்கு, நமக்குப் போட்டிருந்த ரெண்டு நாற்காலில ஒண்ணு காலியா இருந்துச்சு. குழந்தை அதையே பார்த்துக்கிட்டு வாசிச்சாளாம். இன்னொரு தரம் அது நடக்கக் கூடாது.

கர்ட்டிஸ்: ...கூடாதுதான்.

லோரெட்டா: அப்போ படி.

கர்ட்டிஸ்: "பேர், கர்ட்டிஸ் பிளெட்சர்." அடடா, நீயே அடிச்சு வெச்சிருக்கே! லைசென்ஸ் நம்பர் கூட... பார்க்காமலேயா?

லோரெட்டா: பொண்டாட்டிக்குத் தெரியாதா?

கர்ட்டிஸ்: நம்ம கல்யாண நாளே உனக்கு ஞாபகம் இருக்காது...

லோரெட்டா: பேச்சை மாத்தாதே. அடுத்தது.

கர்ட்டிஸ்: "அதிகமா ஆடுற ஆட்டம் எது?" ம்ம்... என்னன்னு போட?

லோரெட்டா: தங்க நரி.

கர்ட்டிஸ்: அதுல என்ன அப்படி விசேஷம்?

லோரெட்டா: சக்கரம் சுத்தி நிக்கிறப்போ மூணு நரி வரிசையா வந்தா பத்துச் சுத்து இலவசம். ரெண்டு வந்து நின்னுடும், மூணாவது வழுக்கிக்கிட்டே வரும் பாரு, அப்போ...

கர்ட்டிஸ்: அப்போ?

லோரெட்டா: ...ஒண்ணுமில்ல. கையெழுத்தைப் போடு.

கர்ட்டிஸ்: இரு, கடைசி வரி இருக்கு. "என் பேரை நானே சேர்க்கிறேன். அடுத்தவர் பேரைச் சேர்த்தால் செல்லாது." முகத்தையும் படம் எடுத்துப் போடணுமாம்.

லோரெட்டா: அவ்வளவுதானே? இப்படித் திரும்பு.

கர்ட்டிஸ்: லோரெட்டா... போன வாரம் அந்த ஆப்காரங்க எனக்குப் போன் பண்ணாங்க. தேன் ஒழுகப் பேசினான் ஒருத்தன். 'என்ன கர்ட்டிஸ் சார், ரெண்டு நாளா ஆளையே காணோம்? உங்களுக்குன்னு இலவசச் சுத்து எடுத்து வெச்சிருக்கோம்'னான்.

லோரெட்டா: ...நீ என்ன சொன்னே?

கர்ட்டிஸ்: காய்ச்சல்னு சொன்னேன். அந்த ரெண்டு நாள் காய்ச்சல்ல கிடந்தது நீதானே?

லோரெட்டா: கர்ட்டிஸ்...

கர்ட்டிஸ்: கச்சேரி அன்னைக்கு டயர் பஞ்சர்னு சொன்னே. நான் ஸ்கூலுக்கு வெளிய வந்து பார்த்தேன். நாலு டயரும் கல்லு மாதிரி இருந்துச்சு. நீ கார்ல குனிஞ்சு உக்காந்திருந்தே. முகத்துல போன் வெளிச்சம்.

லோரெட்டா: தெரிஞ்சும் ஏன் கேட்கல?

கர்ட்டிஸ்: கேட்டா இன்னொரு பொய் சொல்லியிருப்பே. நீயா சொல்லுவேன்னு காத்திருந்தேன். நீ என்னடான்னா என் பேரைப் பூட்ட வந்துட்டே! இன்னைக்கு என் பேருக்குப் பூட்டு, நாளைக்கு உன் பேர்ல புதுக் கணக்கு. அப்படித்தானே?

லோரெட்டா: மாட்டேன்னு சொல்ல வாய் வரல. அதான் எனக்கே பயமா இருக்கு.

கர்ட்டிஸ்: அப்போ என்ன பண்ணலாம்? நீயே சொல்லு.

லோரெட்டா: போனைக் கொடு. உன் பேரை அழிக்கிறேன்... லோரெட்டா பிளெட்சர். அஞ்சு வருஷம். உன் பேர்ல நான் தொறந்த கணக்கையும் அவங்களுக்குப் போன் பண்ணி நானே மூடச் சொல்றேன். ம், படம் எடு. கண்ணைத் தொடைக்கச் சொல்லாதே, இப்படியே எடு. ஆடினது நான்தான்.