இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து தருமபுரி போகும் காலைப் பேருந்து. முன்சீட்டில் இரண்டு பெண்கள். படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களை அவர்கள் வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ளும் வேலை இருவருக்கும். லீவு முடிந்து திரும்புகிறார்கள். இளையவள் சொன்ன ஒரு வார்த்தையில் என் காது அங்கே போய்விட்டது.

“நேத்து மத்தியானம் எங்க வூட்டுக்காரரப் பொரட்டிப் போட்டுட்டேங்க்கா.”

“ஏன், அவருக்கு என்னாச்சு?”

“ஒண்ணுமில்லீங்க்கா. சாப்புட்டுத் தூங்கிட்டிருந்தாரு. அங்க ரெண்டு மணிக்கொருக்கா பொரட்டிப் பொரட்டி, கை தானாப் போயிருச்சு. பதறி எந்திரிச்சாரு. முதுகுல புண்ணு வந்துரும்னேன்.”

மூத்தவர் சத்தமாகச் சிரித்தார். “திட்டினாரா?”

“இல்லீங்க்கா. அப்புறம் நானும் அசந்துட்டேன். அவரு வந்து மெதுவா என்னையப் பொரட்டி, முதுகுக்குத் தலகாணி வச்சாரு.”

“உனக்கு முழிப்பு வரலியா?”

“வந்துச்சுங்க்கா. கண்ணத்தான் தொறக்கல.”