சுப்புராயன் சொன்ன டெஃபனட்லி

— பிரேக்! பிரேக்கைப் போடுங்கோ அன்வரி! இது டெம்போவா, ராக்கெட்டா?

— டிரைவிங் ஸ்கூல் நடத்துறவ பக்கத்துல குந்திக்கினு இன்னா பயம் கிச்சா சார்? வீட்டு புரோக்கருக்குத் தெம்பு வேணாமா?

— வீடே இன்னும் அமையலை. அதுக்குள்ள கட்டில், பீரோ, கிரைண்டர்னு அத்தனையும் ஏத்திண்டு மயிலாப்பூருக்கு வந்துட்டேளே! முடியாதுன்னுட்டா?

— திருவல்லிக்கேணி வீட்டைக் காலைலயே காலி பண்ணிட்டேன் சார். எங்கம்மா இன்னிக்கே இந்த வீட்ல காலை நீட்டிப் படுக்கணும்.

— ஓனரம்மா ஷீலா கனடாவுல. சாவி ஃபிளாட் அசோசியேஷன் செகரெட்டரி சுப்புராயன்கிட்ட. அவர் தலையாட்டினாத்தான் இந்த ஃபிளாட்ல யாரும் குடி வரலாம். உங்க பேரைச் சொல்லாமத்தான் பேசி வச்சிருக்கேன். வாயைத் திறக்காதேள்.

— திறந்தா, ‘டெஃபனட்லி சொல்றேம்மா’ன்னுடுவாரு.

— நல்லதுதானே?

— அய்யே! ‘பாக்கலாம்’னா பாதி வீடு நம்முது. ‘யோசிக்கிறேன்’னா கால் வீடு. ‘டெஃபனட்லி’ன்னுட்டா கேட்டைச் சாத்திட்டாங்கன்னு அர்த்தம். கோபாலபுரத்துல டெஃபனட்லி, அடையாறுல டெஃபனட்லி. கே.கே. நகர்ல ஒருத்தரு ‘டெஃபனட்லி, டெஃபனட்லி’ன்னு ரெண்டு வாட்டி சொன்னாரு. தெரு முனை தாண்டறதுக்குள்ள நம்பரை பிளாக் பண்ணிட்டாரு.

— டிக்‌ஷனரியில ‘நிச்சயமா’ன்னுதானே போட்டிருக்கான்!

— அவன் மெட்ராஸ்ல வாடகைக்கு வீடு தேடியிருக்க மாட்டான் சார்.

— ஷ்... வந்துட்டார். சுப்புராயன் சார், நமஸ்காரம்! நான் சொன்ன பார்ட்டி இவாதான்.

— வாங்க கிச்சா. வாம்மா. எத்தனை பேரு?

— நானும் அம்மாவும் சார். டிரைவிங் ஸ்கூல் வச்சிருக்கேன்.

— வெரி குட்! சின்னக் குடும்பம், சொந்தத் தொழில். இப்படிப்பட்டவங்களைத்தான் தேடிக்கிட்டிருந்தேன். பேரென்ன?

— அன்வரி பேகம்.

— ஓ... நல்ல பேரு. அது வந்து... நேத்து சாயங்காலம் இன்னொருத்தர் கேட்டுட்டுப் போனார். நீங்க கிளம்புங்கம்மா. டெஃபனட்லி சொல்றேன்.

— ஹய்யோ... வாங்கோ அன்வரி, வேற எடம் பாத்துக்கலாம்.

— எதுக்கு? கட்டிலை அந்தப் பக்கம் புடிங்க கிச்சா சார். மொதல்ல அதை எறக்கிடலாம்.

— யாரைக் கேட்டும்மா இறக்குறீங்க? சாவி என்கிட்ட இருக்கு! இப்பவே கனடாவுக்கு போன் போடறேன்!

— ஷீலா மேடம் மெட்ராஸ்லதான் கீறாங்க சார். எங்கிட்ட கார் கத்துக்கினவங்க. உங்களுக்குச் சொல்றேன்னாங்க, நான்தான் ‘நேர்ல சொல்லிக்கிறேன்’னேன். கிச்சா சார்கிட்டகூட மூச்சு வுடல. நேத்து இந்த வீட்டை என் பேருக்கு ரிஜிஸ்டர் பண்ணிக் குடுத்துட்டாங்க. சாவியைக் குடுங்க, ஓனரம்மா நான்தான்!