முதலாவதாக வந்த பக்கம்

என் வேலை என்னவென்று எங்கள் வீட்டில்கூட யாருக்கும் சரியாக விளங்கியதில்லை, சேர். நான் கூகிளில் உத்தியோகம் பார்ப்பதாக உம்மா கல்முனைக்குடி முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். திருத்திப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

ஒருவர் தொலைபேசியில் எதையாவது தேடினால் நூறு பக்கங்கள் வரும். சனம் முதலாவதைத் திறக்கும். இரண்டாவதைத் திறக்கிறவர் படித்தவர். மூன்றாவதைத் திறக்கிறவரை இந்தக் கரையில் நான் இன்னும் சந்திக்கவில்லை. என்னிடம் வருகிறவர்களின் பக்கத்தை முதலாவதாகக் கொண்டுவருவதுதான் என் தொழில்.

அதைக் களவாகவும் செய்யலாம். ஒரே சொல்லை வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக நூறு தரம் ஒளித்து வைக்கலாம். பத்துப் பொய்ப் பெயர்களில் தன்னைத்தானே புகழ்ந்துகொள்ளலாம். அப்படிச் செய்கிறவர்களை வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் முன் வரிசையில் காணலாம். நான் அதில் ஒன்றையும் தொட்டதில்லை. சனம் எந்தச் சொல்லில் கேட்கிறதோ அந்தச் சொல்லிலேயே நேரான பதிலை எழுதுவேன். பழைய தொலைபேசியிலும் உடனே திறக்கும்படி செய்வேன். பொய் எழுத மாட்டேன். இதைத் தயவுசெய்து உங்கள் விசாரணைக் குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள்.

மீராசா வைத்தியரின் பக்கத்தையும் அப்படித்தான் செய்தேன். அவர் விஷகடி பார்க்கிறவர், மூன்று தலைமுறையாக. வெளிநாட்டிலுள்ள மகன்தான் பக்கம் வேண்டுமென்றார். வைத்தியருக்கு அதில் ஆசையில்லை. நான் கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். அவர் சொன்னது எல்லாவற்றையும் எழுதினேன். சனம் “பாம்புக்கடி வைத்தியம்” என்று தேடுவதில்லை, “பாம்பு கடிச்சா என்ன செய்யிற” என்றுதான் தேடுகிறது. அதையே தலைப்பாக வைத்தேன். கீழே வீட்டுக்கு வரும் வழி, தொலைபேசி இலக்கம், குணமாகி நடந்து போனவர்களின் வாக்கு. அந்த வாக்குகளும் உண்மை. கடிக்கிற பாம்புகளில் பாதிக்கு விஷமில்லை, வீட்டிலிருந்தாலும் குணமாகும்.

பக்கம் ஐந்தாம் இடத்திலேயே கிடந்தது. ஒரு சிறிய திருத்தம் செய்தேன். ஆறு கிழமைக்குள் முதலாவதாக வந்துவிட்டது. அந்தத் திருத்தத்துக்குப் பிறகு வருகிறேன்.

ஆசுபத்திரியில் வேலை செய்யும் றோஸ்மேரி மிஸ் என்னிடம் வந்ததைக் கேட்டீர்கள். ஓம், வந்தார். பாம்பு கடித்தால் உடனே ஆசுபத்திரிக்கு வாருங்கள் என்று அவரும் ஒரு பக்கம் வைத்திருந்தார். பக்கம் என்று சொல்லக் கூடாது. சுவரில் ஒட்டிய நோட்டீசைப் படம் பிடித்துப் போட்டிருந்தார், மூலையில் பெருவிரல் தெரிந்தது. பக்கத்தில் எழுத்தாக ஒரு சொல் இல்லை. தேடுபொறி வாசிப்பதற்கு எதுவுமே இல்லை.

“தங்கச்சி, எங்கட பக்கம் ஏன் மேல வருதில்ல? படம் சின்னனெண்டா?” என்று கேட்டார்.

“இல்ல மிஸ், படம் சின்னனெண்டு இல்ல. இதுக்குக் காலம் எடுக்கும்” என்றேன்.

இரண்டும் உண்மை. நோட்டீசிலிருந்த எட்டு வரியையும் தட்டச்சுச் செய்து போட்டிருந்தால் போதும், பத்து நிமிட வேலை. அதை அவர் கேட்கவில்லை. நன்றி சொல்லி, எனக்கு ஒரு கேக் துண்டும் தந்துவிட்டுப் போனார்.

இனி அந்த நாள். காலை பத்தேகாலுக்கு ஒருவர் பக்கத்தைத் திறந்து நான்கு நிமிடம் நாற்பது விநாடி நின்றார். அந்த மாதத்தில் அவ்வளவு நேரம் யாரும் நின்றதில்லை. தேத்தண்ணிக் கோப்பையோடு அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்கவில்லை.

அது அப்னா. நற்பிட்டிமுனை ஸலாஹுதீனின் மகள். வயல் வரம்பில் தண்ணீர் பாயும் வக்கடையை அடைக்கக் குனிந்த இடத்தில் வாப்பாவுக்குக் கணுக்காலில் புடையன் பாம்பு கடித்திருக்கிறது. ஆட்டோ ஆசுபத்திரிப் பக்கம்தான் திரும்பியதாம். மடியில் வாப்பாவின் காலை வைத்துக்கொண்டு தேடியவள், நிறுத்தச் சொல்லி, வைத்தியர் வீட்டுக்கு விடச் சொல்லியிருக்கிறாள்.

வைத்தியர் ஒரு கலியாண வீட்டுக்குப் போயிருந்தார். அவர் முற்றத்தில் ஒன்றேகால் மணித்தியாலம் காத்திருந்தார்கள். வந்தவர் காலைப் பார்த்ததும் வீட்டுக்குள்கூடப் போகவில்லை. அவர்களோடு அதே ஆட்டோவில் ஏறி ஆசுபத்திரிக்குப் போனார். அடுத்த நாள் நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு முன் ஸலாஹுதீன் உயிர் பிரிந்து மவுத்தாகிவிட்டார்.

மையித்து வீட்டுக்குப் போனேன். போகாமல் விட்டிருந்தால்தான் பிழை. அப்னா சொந்த அக்காவைப் பிடிப்பதுபோல என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“தாத்தா, நான் ஒழுங்கா வாசிச்சித்தான் கொண்டுபோன. முதலாவதா வந்திச்சி. பிழையான எண்டா முதலாவதா வருமா?”

“நீ வாசிச்சதில பிழை ஒண்டும் இல்ல, அப்னா.”

அதுவும் உண்மைதான். அவள் அதைக் கேட்டு அழுகையை நிறுத்தினாள். எனக்கு அது பெரிய ஆறுதல்.

வெளியே வைத்தியர் நின்றார். ஒரே நாளில் பத்து வயது கூடியதுபோல இருந்தார்.

“அந்த வரிய எழுதினதானே மகள்? மேல, பெரிசா?”

“எழுதின, வைத்தியர் வாப்பா.”

“அப்ப அந்தப் புள்ளதான் வாசிக்காம விட்டிரிக்கி” என்று பெருமூச்சு விட்டார்.

அதை அவர் இரண்டு பேரிடம் சொன்னார். அவர்கள் ஊருக்கே சொன்னார்கள். இப்போது நற்பிட்டிமுனையில் அப்னாவின் பெயர் வாப்பாவைக் கொன்றவள். ஒரு பக்கத்தை ஒழுங்காக வாசிக்கத் தெரியாதவளாம். மூன்றாவதைத் திறக்காத ஊர், அதைச் சொல்கிறது. நான் யாரையும் மறுத்துப் பேசவில்லை. யாரும் என்னிடம் கேட்கவுமில்லை.

நீங்கள்தான் முதலில் கேட்கிறீர்கள், ஆகவே சொல்கிறேன். வைத்தியர் எழுதச் சொன்ன வரி இதுதான்: புடையன் கடித்தால் இங்கே வரக் கூடாது, நேரே ஆசுபத்திரிக்குப் போங்கள், அதற்கு என்னிடம் மருந்தில்லை. சிவப்பு எழுத்தில், உச்சியில் போட்டேன். வாசித்தவர்கள் பத்து விநாடியில் பக்கத்தை மூடிவிட்டுப் போனார்கள். ஆட்கள் நிற்காத பக்கம் மேலே ஏறாது. அவர்கள் எங்கே ஓடினார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதை அளக்க என்னிடம் கருவியில்லை. முதலில் அந்த வரியைக் கீழே இறக்கினேன். பிறகு எடுத்துவிட்டேன். முன்பு சொன்ன சிறிய திருத்தம் அதுதான். ஒரு வரியை எடுப்பது பொய் சொல்வதாகாது.

புடையன் என்றால் என்னவென்று தெரியுமா என்கிறீர்கள். தெரியும், கண்ணாடி விரியன். என் கூடப்பிறந்த மூத்த நானாவை அது கடித்தபோது நாங்கள் எதையும் தேடவில்லை. நேரே ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனோம். இப்போது கட்டாரில் சுகமாக இருக்கிறார்.

இன்று காலையும் பார்த்தேன். பக்கம் முதலாவதாகத்தான் நிற்கிறது. சாவுக்குப் பிறகு நற்பிட்டிமுனையிலிருந்து தேடுகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். ஊர்ப் பெயரையும் தலைப்பில் சேர்த்துவிட்டேன், அவர்களுக்கு இலகுவாக இருக்கும். அந்த வரியைத் திரும்பப் போடச் சொல்கிறீர்கள். போடலாம், சேர். ஆனால் போட்டால் நம்முடைய பக்கம் இறங்கிவிடும். அந்த இடத்துக்கு வருகிறவன் விஷக்கல் விற்கிற ஒருத்தன், பொய்ப் பெயரில் தன்னைப் புகழ்ந்து மேலே ஏறியவன். கடிபட்ட சனத்தை அப்படி நேர்மையில்லாத ஒருவனிடம் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.