கடைசிக் காட்சிப் புருசன்

பிராங்பேர்ட் எஸ்-பான் ரயிலில் பாதித் தூக்கத்தில் இருந்தேன். பின் இருக்கையில் ஒரு பெண் தமிழில் சொன்னாள்:

"ஒவ்வொரு நாளும் நான்தான் அவவை விட்டிட்டுப் போற புருசன்."

நான் கண்ணைத் திறக்கவில்லை.

"ஆரை அக்கா?" என்றது ஓர் இளைய குரல்.

"முதியோர் இல்லத்திலை நான் பாக்கிற அமெரிக்க அம்மாவை. தொண்ணூறு தாண்டீட்டுது. இளமையிலை நடிகையாம். ரெண்டு நாடகம், ஒரே ஒரு படம். பிறகு கலியாணம் கட்டி இஞ்சை வந்திட்டா. இப்ப எல்லாம் மறந்து போச்சு. படத்தின்ரை கடைசிக் காட்சி மட்டும் நினைவிருக்கு. அதைச் சொல்லேக்கை குரல் இருபது வயசுக் குரல்."

"அதிலை நீங்கள் புருசனோ?"

"ஓம். மருந்துப் பெட்டிதான் என்ரை சூட்கேஸ். தூக்கிக்கொண்டு கதவாலை போகோணும், திரும்பிப் பாக்கக் கூடாது. நான் ஒவ்வொரு நாளும் பாத்துப் போடுவன், கதிரையாலை விழுந்திடுவாவோ எண்டு. 'பிழை, திரும்பவும் செய்' எண்டு பேசுவா."

ரயில் ஆற்றுப் பாலத்தில் போனது. மூடிய இமைகளில் வெயில் வந்து வந்து மறைந்தது.

"நாளையிலை இருந்து தூர டோர்ட்மண்டிலை வேலை எண்டு அவவுக்குச் சொன்னீங்களோ?"

"சொல்ல ஏலாமல் போச்சு. இண்டைக்கும் பெட்டியோடை நடந்தன். அழுகை வந்திட்டுது. முகத்தைக் காட்ட ஏலாமல் திரும்பாமலே போனன்."

"அவ?"

"கை தட்டினவ. 'இப்பதான் சரி, நாளைக்கும் இப்பிடியே போ' எண்டவ."