கதவுக்கு இந்தப் பக்கம்

போதகர்: ...முதல்ல அந்தக் கடப்பாரையைக் கீழே போடுடா. ஆலய வாசல்ல இது என்ன கோலம்?

தம்பி: கும்பல் மார்க்கெட்டைத் தாண்டிடுச்சுண்ணே. எதிர்த்தெரு ஆளுங்க உள்ளே ஒளிஞ்சிருக்காங்கன்னு தெரிஞ்சுபோச்சு. பெட்ரோலோட வர்றானுங்க. நீ என்ன, பிரசங்கம் பண்ணப் போறியா?

போதகர்: அங்கியை மாட்டிக்கிட்டு வாசல்ல நிக்கப் போறேன்.

தம்பி: நல்லா நில்லு. முதல் கல்லு உன் மண்டைக்குத்தான்.

போதகர்: படட்டும். பேதுரு கத்தியை உருவினப்போ ஆண்டவர் என்ன பண்ணார்? உறையில போடுன்னுட்டு, வெட்டுப்பட்டவன் காதைக் குணமாக்கினார்.

தம்பி: அது அவரைப் பிடிக்க வந்தப்போ. கூட இருந்தவங்களை விட்டுடுங்கன்னும் கேட்டாரே? உள்ளே ஒருத்தி கைக்குழந்தையோட இருக்கா. என் கன்னத்தை நான் காட்டுவேண்ணே. அவ கன்னத்தை நான் எப்படிக் காட்டுறது?

போதகர்: ஞாயித்துக்கிழமை என் பிரசங்கத்துல நீ தூங்குறேன்னுல்ல நினைச்சேன்.

தம்பி: பாதி நேரம்தான். ஞானஸ்நானம் குடுத்த யோவான்கிட்ட போர்ச்சேவகருங்க வந்து என்ன செய்யணும்னு கேட்டாங்களே, வேலையை விட்டுடுங்கன்னா சொன்னார்?

போதகர்: யாரையும் கொடுமைப்படுத்தாதீங்கன்னார். அதையும் சேர்த்துச் சொல்லு! டேய்... அந்தக் கும்பல்ல பாதிப் பேருக்கு ஞானஸ்நானம் குடுத்தவன் நான். நீ ஒருத்தன் மண்டையைப் பொளந்தா, அவனை அடக்கம் பண்றதும் நான்தான்.

தம்பி: சரி, அடிக்கல. ஆனா இங்கேருந்து நகரவும் மாட்டேன்.

போதகர்: அப்போ கடப்பாரையை உள்ளே குடு. கதவுக்குக் குறுக்கே செருகிக்கட்டும். நாம வெளியே.

தம்பி: வெறுங்கையோடவா?

போதகர்: கை கோத்துக்கிட்டு.

தம்பி: சின்னப் பசங்க ரோட்டைத் தாண்டுற மாதிரி... அண்ணி பார்த்தா சிரிப்பாங்க.

போதகர்: அவ பின்வாசல்ல தனியா நிக்கிறா. சிரிக்க நேரமில்ல.

தம்பி: சத்தம் கேக்குதுண்ணே... முனை திரும்பிட்டாங்க.

போதகர்: இரு, ஒண்ணு சொல்லிடுறேன். தெரியாம நீ அடி வாங்கக் கூடாது. போன வாரம் உன் மரப்பட்டறைக்குத் தீ வெச்சவன்... அவனும் உள்ளேதான் இருக்கான். காலையில யாரோ அடிபட்டுக் கிடந்தவனைக் கொண்டாந்து பின்வாசல்ல போட்டுட்டுப் போயிட்டாங்க. உன்கிட்ட மறைச்சுட்டேன். வேணும்னா இப்பவே வீட்டுக்குப் போ. நான் தப்பா நினைக்கமாட்டேன்.

தம்பி: கையை விடாதேண்ணே, இறுக்கிப் பிடி... அந்தத் தடியனைத் தோள்ல தூக்கிட்டு வந்ததுல எனக்கு இன்னும் முதுகு நிமிரல.