மாடிவீட்டு அருளப்பன்

கதவை முழுதாகச் சாத்த வேண்டாம், ஒருக்களித்தே இருக்கட்டும். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது நம்ம டைட்டஸ் அண்ணாச்சி இருக்கிறாரே, தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை, அவருடைய மச்சினனுக்கு நடந்தது. பெயர் வளன். போன கார்த்திகையில்...

மணி பதினொன்றே முக்கால். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து பாளையங்கோட்டைக்கு வருகிற சாலை. கருங்குளம் தாண்டிவிட்டால் இரண்டு பக்கமும் வாழைதான். வீடு இல்லை, விளக்கு இல்லை. மழை விட்டு ஒரு மணி நேரம் இருக்கும். இலைகளிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. வெட்டிப் போட்ட வாழைத்தண்டு அழுகுகிற வாடை. வளன் பைக்கில் தனியாக வந்துகொண்டிருந்தான். இஸ்ரவேலின் முப்பதாம் நாள் ஜெபம் முடிந்து திரும்புகிறான்.

இஸ்ரவேல் யார் என்று கேட்பீர்கள். அவனும் வளனும் பாளையங்கோட்டையில் ஒரு மாடிவீட்டில் நான்கு வருடம் சேர்ந்து குடியிருந்தவர்கள். இஸ்ரவேல் ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை பார்த்தான். முப்பத்தொரு வயது. ஸ்ரீவைகுண்டத்துக்காரன். கைக்குட்டைக்கும் இஸ்திரி போடுவான். கேஸ் சிலிண்டரைத் தினமும் அசைத்துப் பார்த்து, "இன்னும் ஒம்பது நாள் வரும்லே" என்பான். அவன் சொன்னால் ஒன்பது நாள்தான் வரும். தும்மினால் மூன்று தும்மல், மூன்று ஸ்தோத்திரம்.

வளன் கடற்கரைப் பையன். ஜங்ஷனில் செல்போன் கடையில் வேலை. அவனுக்கு ஒரு பழக்கம், ராத்திரி போனைக் கையில் வைத்துக்கொண்டு கதை சொல்லிப் பதிந்து யூடியூபில் போடுவான். முதலில் யாரும் கேட்கவில்லை. பிறகு ஒருநாள், கூட இருக்கிறவனையே கதையில் போட்டான். அருளப்பன் என்று பெயர் வைத்தான். கைக்குட்டை, சிலிண்டர், தும்மல், எல்லாம் இஸ்ரவேல். ஆள் அடையாளம் தெரிந்துவிடக் கூடாதே என்று ஒரே ஒரு சங்கதியைச் சொந்தமாகச் சேர்த்தான். அருளப்பனுக்கு இடது கால் ஊனம். ரப்பர் செருப்பை இழுத்து இழுத்து நடப்பான். ராத்திரி அந்தக் காலில் கோடாலித் தைலம் தேய்ப்பான். மூக்கடைத்த மாதிரி ஒரு குரலில் பேசுவான். அந்தக் குரலையும் வளன்தான் பேசினான்.

'மாடிவீட்டு அருளப்பன்' பிய்த்துக்கொண்டு போனது.

இஸ்ரவேலுக்குக் கோபம் இல்லை. உட்கார்ந்து கேட்டுச் சிரிப்பான். "ஏல, காலு மட்டும் எனக்கு நல்லாத்தான இருக்கு" என்பான். ஊரில் இருக்கிற அம்மாவுக்குப் போன் போட்டு, "அந்த அருளப்பன் நான்தாம்மா" என்று பெருமையாகச் சொல்லியும் வைத்திருந்தான்.

அப்படியே போயிருக்கலாம்.

ஐப்பசியில் ஒரு மழை ராத்திரி. கரண்ட் இல்லை. இருட்டில் படுத்துக்கொண்டு இஸ்ரவேல் ஒரு விஷயம் சொன்னான். அவனுக்கு ஒன்பது வயது, தங்கச்சி ரீபாவுக்கு நாலு. துணி அலசப் போன அத்தையைக் கூப்பிட்டு வர அம்மா இரண்டு பேரையும் ஆற்றுக்கு அனுப்பினாள். தங்கச்சி கையை விடாதே என்று சொல்லித்தான் அனுப்பினாள். படித்துறையில் தண்ணீரில் ஒரு பந்து மிதந்து வந்தது... இவன் கையை விட்டான். பந்தை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தான். படியில் யாரும் இல்லை.

வீட்டில், அவள் கையை உதறிக்கொண்டு ஓடிவிட்டாள் என்று சொன்னான். இருபத்திரண்டு வருடமாக அதுதான் எல்லோருக்கும் தெரிந்த கதை. நான் அனுப்பாமல் இருந்திருந்தால் என்று அவன் அம்மா பாக்கியவதி மட்டும் வருடா வருடம் அந்தத் தேதியில் சாப்பிட மாட்டாள்.

"இந்தக் கிறிஸ்மஸுக்குப் போகும்போது அம்மைகிட்ட சொல்லிருவேன்லே" என்றான் இஸ்ரவேல். "ஒனக்குத்தான் மொதல்ல சொல்லுதேன்."

பத்தே நாளில் வளன் அதைக் கதையாகப் போட்டான்.

ஏன் போட்டான்? டைட்டஸ் அவனிடம் எத்தனையோ முறை கேட்டுவிட்டார். கெட்ட எண்ணம் இல்லை என்பான். அந்த வாரம் சொல்ல வேறு கதை கிடைக்கவில்லை என்பான். பந்து, படித்துறை, அருளப்பன் கையை விடுவது... எல்லாம் அப்படியே. பேர் மட்டும்தான் வேறு. மற்றக் கதைகளைவிட நாலு மடங்கு பேர் கேட்டார்கள். அழுதோம் என்று எழுதியிருந்தார்கள். வளன் அதையெல்லாம் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் இஸ்ரவேலின் போன் அடித்தது. அம்மா. பக்கத்து வீட்டுப் பெண் போட்டுக் காட்டியிருக்கிறாள். "ஏய்யா, ஒரு கதை கேட்டேன். நீ ஒரு எட்டு வந்துட்டுப் போ" என்று மட்டும் சொன்னாள்.

இஸ்ரவேல் சத்தம் போடவில்லை. கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தான். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தான்.

"கால ஊனமாக்கினியே, அதோட விட்டிருக்கலாம்லே."

அவ்வளவுதான். சாயங்கால பஸ்ஸில் ஏறினான். மழை. புதுக்குடியில் இறங்கியதைப் பார்த்தவர்கள் உண்டு. அங்கேயிருந்து வீட்டுக்கு வாய்க்கால் கரையோடு கால் மணி நேர நடை. வாய்க்கால் இரண்டு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் காலையில் மதகில்தான் கிடைத்தான். வழுக்கி விழுந்தான் என்றார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும். வீடு வரை போய்ச் சேரவில்லை.

இப்போது முப்பதாம் நாள். ஜெபம் முடிந்தது, சாப்பாடு முடிந்தது. வளன் நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தான். பாக்கியவதி அவனை அடுக்களைக்குக் கூப்பிட்டாள். உள்ளே இரண்டு பேர் மட்டும்.

"தம்பி, அந்தக் கதையில பய கைய விட்டாம்னு சொன்னியே. அது எம்மவன் ஒங்கிட்டச் சொன்னதா, நீயா கட்டுனதா?"

 அவன்தான் சொன்னான் என்றால், அதை ஏன் ஊருக்கெல்லாம் சொன்னாய் என்று அடுத்த கேள்வி வரும், வளனுக்குத் தெரியும்.

"நானா கட்டுனதும்மா. இஸ்ரவேல் ஒண்ணும் சொல்லல."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"அப்ப நான் அனுப்புனதுதான்" என்றாள். "சரி... மழ வாரதுக்குள்ள பையப் போய்ச் சேரு."

அந்த வார்த்தை காதில் கிடக்க, கருங்குளம் தாண்டி வருகிறான். பைக் இரண்டு முறை இருமியது. நின்றுவிட்டது. பெட்ரோல் இருந்தது. உதைத்துப் பார்த்தான். ஒன்றும் இல்லை. தவளைச் சத்தம், சொட்டுகிற தண்ணீர்...

பின்னால், தூரத்தில், தார்ச்சாலையில் ஒரு சத்தம்.

சர்ர்ர்... டப்.

சர்ர்ர்... டப்.

முதலில் இஸ்ரவேல் என்றுதான் நினைத்தான்.  ஆனால் இஸ்ரவேல் அப்படி நடக்கிறவன் இல்லையே. நேராக, விறுவிறு என்று நடப்பான். இது ரப்பர் செருப்பு. இடது காலை இழுத்து, வலது காலை ஊன்றுகிற நடை. அப்படி நடக்கிற ஆள் உலகத்தில் எங்கேயும் கிடையாது. வளன் வாயால் உண்டாக்கின நடை அது.

கோடாலித் தைலத்தின் வாடை வந்தது. பைக்கை உதைத்தான், உதைத்தான்... ஏழாவது உதையில் எடுத்துக்கொண்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

பாளையங்கோட்டை வந்து சேர மணி பன்னிரண்டரை. கீழ்வீட்டில் காந்திமதிநாதன் பிள்ளை. தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர், தூக்கம் வராதவர். கிரில் கதவுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். போனில் கதை கேட்கிற ஆள் இல்லை. காது அவ்வளவாகக் கேட்காது.

"என்னவே, நீரு இப்பந்தான் வாரீரா? ஒம்ம கூட்டாளி முன்னாலயே மேல போயிட்டாரே."

"யாரு அண்ணாச்சி?"

"புதுசா வச்சிருக்கீரே, அந்தப் பையன். பாவம், படி ஏற முடியாம ஏறுதான். கால்ல என்ன, போலியோவா?"

வளன் மேலே போனான். காலையில் பூட்டின பூட்டு அப்படியே தொங்கியது. உள்ளே யாரும் இல்லை. ஆனால் வீடு முழுக்கத் தைல வாடை. விளக்கைப் போட்டு, எல்லா ஜன்னலையும் திறந்துவைத்து, விடிகிறவரை உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் கதைகள் எல்லாவற்றையும் அழித்தான். ஒன்று மிச்சம் இல்லாமல். அன்று ராத்திரியும் சத்தம் வந்தது. இரண்டு மணிக்கு. அடுக்களையில் தொடங்கும், கூடத்தைச் சுற்றும், அவன் அறை வாசலில் வந்து நிற்கும். உள்ளே வராது. சும்மா நிற்கும். கதவுக்கு இந்தப் பக்கம் இவன், அந்தப் பக்கம் அது. நாலு ராத்திரி அப்படி.

ஐந்தாம் ராத்திரி வளனுக்குத் தாங்கவில்லை. கதவில் வாயை வைத்துக் கேட்டான்.

"இஸ்ரவேலு, நீயால?"

ஒன்றும் இல்லை. மூச்சுவிடுகிற சத்தம் மட்டும். பிறகு, ஏன் அப்படிக் கூப்பிட்டான் என்று அவனுக்கே தெரியாது...

"அருளப்பா."

செருப்பு அசைந்தது. கதவுக்கு மிக அருகில் வந்தது. பதில் வந்தது, அந்த மூக்கடைத்த குரலில். வளனின் குரல்தான் அது, அவனே பேசிப் பழகின குரல். ஆனால் வளனின் பற்கள் கிட்டிப்போயிருந்தன. அவன் வாயைத் திறக்கவில்லை.

"அம்மை இன்னும் முழிச்சிக்கிட்டுத்தான் இருக்காவ" என்றது.

விடிந்ததும் முதல் பஸ். பாக்கியவதி வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். கண்ணைச் சுற்றிக் கருத்துப்போயிருந்தது. வளன் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். மழை ராத்திரி, பந்து, கிறிஸ்மஸுக்குச் சொல்கிறேன் என்றது, அடுக்களையில் தான் சொன்ன பொய், எல்லாம். தைல வாடையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

அவள் கையில் சாம்பலோடு அப்படியே இருந்தாள்.

"ஒம்பது வயசுப் பிள்ள. அதுக்கு என்ன தெரியும்? எங்கிட்டச் சொல்லியிருந்தா மடியில போட்டுக்கிட்டிருப்பேனே."

"சொல்லத்தாம்மா வந்தான்."

"ஆமா" என்றாள். "நீ முந்திக்கிட்ட."

 அவள் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். உள்ளே போகுமுன், "இனி இங்க வராத தம்பி" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

அன்று ராத்திரி வீட்டில் சத்தம் இல்லை. மறுநாளும் இல்லை. தைல வாடையும் போய்விட்டது. வளனுக்கு அது இன்னும் மோசமாக இருந்தது. இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடும். யாரும் இல்லாத வீட்டில் காதைக் கொடுத்துக்கொண்டு படுத்திருப்பான்.

மாசி மாதம் வீட்டைக் காலி செய்தான். இஸ்ரவேலின் டிரங்குப் பெட்டி ஒன்று இருந்தது. வளன் அந்த வீட்டுக்குப் போகக் கூடாது, அதனால் டைட்டஸ் எடுத்துக்கொண்டு போனார். எட்டு மணிக்குத் துறைமுகத்தில் டியூட்டி. ஐந்தரைக்கெல்லாம் போய்க் கதவைத் தட்டிவிட்டார்.

பாக்கியவதி திறந்தாள். முப்பதாம் நாள் ஜெபத்துக்கு வந்திருந்தபோது டைட்டஸ் பார்த்ததற்கு இப்போது ஆள் தேறியிருந்தாள். முகத்தில் தூங்கி எழுந்த தெளிவு. டைட்டஸ் பெட்டியை இறக்கிவைத்து, தனியா எப்படி இருக்கீங்கம்மா என்று கேட்டார்.

"தனியா எங்க? மாடிவீட்டுல எம்மவன்கூட இருந்த தம்பி வந்து படுத்துக்கிடுதான்" என்றாள். "ராத்திரி வருவான். விடியமுந்தி போயிருவான். வளன் தம்பி வந்து சொன்ன அன்னிக்கே வந்துட்டான். ஒண்ணும் பேசமாட்டான். வீட்டுல ஒரு ஆள் மூச்சுச் சத்தம் இருந்தாத்தான எனக்கு உறக்கம் வருது."

டைட்டஸ், துக்கத்தில் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

"இருங்க, காப்பி போடுதேன்" என்று அவள் உள்ளே போனாள்.

கூடத்து மூலையில் ஒரு பாய் விரித்தபடி கிடந்தது. பெட்டியை அங்கே நகர்த்தலாம் என்று டைட்டஸ் குனிந்து பாயைச் சுருட்டப் போனார். சிமெண்டுத் தரை. விடியற்காலைப் பனி. கால் வைத்தால் கூசுகிற குளிர்.

இதை அவர் வளனிடம் இதுவரை சொல்லவில்லை. நமக்குத்தான் சொன்னார். பாயில் கையை வைத்தாராம்... உள்ளங்கைக்கு அடியில் இதமாகச் சூடு. தலைமாட்டிலிருந்து கால்மாட்டு வரை தடவிப் பார்த்தாராம். ஓர் ஆள் நீளத்துக்கு இருந்ததாம் அது.